ரேடியேட்டர் ஃபேன் சத்தமும் என் சட்டைப்பைச் சாவியும்

ரீகன் மகனே,

சாவியைத் தர மாட்டேன். அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆற அமரப் பேசலாம். நீ பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்து மூன்று பேர் பார்க்க எழுதினாய்: "சித்தப்பா இனிமேல் கார் ஓட்ட வேண்டாம். ஃபேன் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய கார் வாங்குகிறவர் வருவார், சாவியைச் சித்தியிடம் கொடுத்துவிடவும். கல்யாணத்துக்கு வாடகைக் கார் சொல்லியாயிற்று." கீழே கும்பிடுகிற கை ஒன்று. அந்தக் கைக்குப் பதினோரு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்; அதில் எட்டுப் பேரை ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் இதே காரில் கொண்டுபோய் விட்டவன் நான். நாற்பத்து மூன்று பேர் முன்னால் சொன்ன தீர்ப்புக்கு நாற்பத்து மூன்று பேர் முன்னால்தான் பதில். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அதே குழுவில் போடுவேன். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன், அதிலும் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், ஆக மொத்தம் ஒன்பது வருஷப் படிப்பு. பிழை இருந்தால் உன் இன்ஜினியர் படிப்பை வைத்துத் திருத்திக்கொள்.

உன்னைப் பெற்றவர் என் அண்ணன். மூன்று வயதில் நீ அம்மாவைப் பறிகொடுத்தாய், அப்பா வருஷத்தில் பத்து மாதம் கப்பலில். ஆகையால் உனக்குச் சோறு ஊட்டியது என் பெண்டாட்டி மெர்சி, உன்னைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தது நான். தூக்கம் வராமல் நீ கத்தினால் துறைமுகத்துக் கதை சொல்வேன். அதில் பாதிக்கு மேல் நான் கட்டியது என்று உனக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டாய். அண்ணன் கப்பலை விட்டு இறங்கியதும் வாங்கியது இந்தக் கார். ஏழே மாதம் ஓட்டினார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குச் சாவி என் சட்டைப் பைக்கு வந்தது. பதினெட்டு வருஷமாகச் சட்டை மாறுகிறது, சாவி மாறவில்லை. இதை உருக்கமாகச் சொல்லிக் காரைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. உருக்கத்தை நம்பி நான் எந்த வண்டியையும் ஓட்டியது கிடையாது. வண்டி நன்றாக ஓடுகிறது, அதனால் வைத்திருக்கிறேன்.

போன மாதம் நீ வந்திருந்தபோது நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், குழுவில் இருப்பவர்களுக்கு நீ அதில் கால்வாசிதான் சொன்னாய். ஓட்டப்பிடாரத்தில் உன் அப்பாவின் சிநேகிதர் வீட்டுக்கு உன் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பினோம். போகும்போது நீ ஓட்டினாய், வரும்போது நான். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நல்ல வெயில், ஏ.சி. ஓடுகிறது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"சித்தப்பா, அந்தச் சத்தம் கேக்கலியா?"

"எந்தச் சத்தம்?"

"ஃபேன் சத்தம். கிரீச்சு கிரீச்சுன்னு உரசுது."

"அது ரயிலு வார சத்தம்லே."

"ரயிலு இன்னும் வரல சித்தப்பா."

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் பைக்கில் நின்ற ஒருவன் ஜன்னல் பக்கம் குனிந்தான். "அண்ணாச்சி, வண்டிக்குள்ள மிக்ஸி எதுவும் ஓடுதா?" என்றான். நீ சிரித்துவிட்டாய். ரீகன், அவன் கேட்டது எனக்கு ஒன்றுமில்லை, நீ சிரித்தாய் பார், அதுதான். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "ஏலே, போகும்போது நீதான் குழியில விட்ட. வண்டிய ஒடச்சது நீ. சத்தம் கேட்டா ஒன்னயக் கேளு." அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டேஷனில் உன் பையை நான் தூக்க வந்தபோது நீ கொடுக்கவில்லை. ரயில் கிளம்புகிற வரைக்கும் சித்தியிடம் மட்டும் பேசினாய். அப்புறம் வாட்ஸ்அப்பில் தீர்ப்பு வந்தது.

என் காதைப் பற்றி நீ எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் வின்ச்சுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். இரும்புக் கயிறு சுற்றுகிற சத்தத்தை வைத்தே தூக்குகிற சரக்கு உப்பு மூட்டையா, மரத்தடியா என்று சொல்வேன். ஒரு தடவை வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் சீஃப் இன்ஜினியர் என்னைக் கீழே இன்ஜின் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், "கேட்டுச் சொல்" என்று சைகை காட்டினான். ஒரு குழாயில் காதை வைத்தேன். மூன்று விரலைக் காட்டினேன். மூன்றாவது சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தார்கள், அதேதான். அந்த ஆள் என்னைக் கட்டிப்பிடித்துத் தன் தொப்பியை என் தலையில் வைத்தான். இந்த இடத்தில் மெர்சி என் தோள் வழியாக எட்டிப் படித்துவிட்டு, "தொப்பி நம்ம பஜார்ல வாங்குனது, நானும் கூட வந்தேன்" என்கிறாள். சரி, தொப்பி பஜாரில் வாங்கியதாகவே இருக்கட்டும். மூன்று விரல் என்னுடையதுதான்.

ஆகவே, நீ போன மறுநாள் காலையில் சத்தமே இல்லை என்று நிரூபிக்கத்தான் பானெட்டைத் தூக்கினேன், ரிப்பேர் பார்க்க இல்லை. மெர்சியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவள் காது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்; நம் மில்லர்புரத்தில் நாலு வீடு தள்ளிக் குக்கர் விசில் வந்தால் எத்தனையாவது விசில் என்று சொல்கிறவள். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வண்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஏ.சி.யைப் போட்டேன். ஏ.சி. போட்டால் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஃபேன் உடனே ஓடும், இன்ஜின் சூடாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. எனக்கு இன்ஜினும் காற்றும்தான் கேட்டன. "பாத்தியாளா? ஒண்ணும் இல்ல" என்று நான் சொல்லப் போனேன். அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். பல் கூசினால் ஒருத்தருக்கு முகம் எப்படிப் போகும், அப்படிச் சுளித்து, ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வேஷம் போடுகிறவள் இல்லை. அந்த முகத்தில் இருந்த சத்தம் எனக்கு வரவில்லை.

மகனே, இதை எழுதுவதற்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று. துறைமுகத்தில் எங்களுக்குக் காதில் வைக்க மஞ்சள் நிறத்தில், பஞ்சு மாதிரி அமுங்குகிற அடைப்பான் கொடுப்பார்கள். நான் ஒரு நாளும் வைத்தது கிடையாது. வின்ச்சின் பேச்சு எனக்குக் கேட்க வேண்டும், காதை மூடிக்கொண்டு வேலை பார்க்கிறவன் ஆளா என்று திமிர். அந்த அடைப்பான்களைத் தூண்டிலுக்கு மிதவையாகக் கட்டினேன். தண்ணீரில் அருமையாக மிதந்தன. என்னைப் பார்த்துப் பாலத்தடியில் தூண்டில் போடுகிறவன் எல்லாம் அதைத்தான் கட்டினான். நான் கண்டுபிடித்தவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மீன் கிடைத்தது. காது போயிற்று. நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு காலையில் காருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே பூனைக்குட்டி கத்துகிறது, வண்டியை எடுக்கக் கூடாது என்றாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாய் என்று முதுகில் ஒன்று வைத்தேன். நீ நகரவில்லை. பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்கு அடியில் இரண்டு குட்டி. அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குட்டிகள் அப்போதுதான் வாயைத் திறந்தன என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். எனக்குக் காது இல்லை, மெர்சிக்கு ரிப்பேர் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு மெக்கானிக். முதலில் பெல்ட் என்று நினைத்தேன். கிரீச் என்றால் பெல்ட்தான் என்பது என் காலத்துச் சட்டம். குளிக்கிற சோப்பை எடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டில் தேய்த்தேன். மறுபடி ஓடவிட்டால், "வாசம் நல்லா இருக்கு, சத்தம் அப்படியேதான் கெடக்கு" என்றாள். அப்புறம்தான் ஒழுங்கான புத்தி வந்தது. ஃபேனுக்குக் கரண்டு போகிற பிளக்கைக் கழற்றினேன். அவள் முகத்துச் சுளிப்பு போயிற்று. மாட்டினேன், வந்துவிட்டது. கழற்றினேன், போயிற்று. "என் மூஞ்சிய வச்சு வெளையாடுதியளா?" என்று கேட்டாள். விளையாடவில்லை, அவள் முகம்தான் எனக்கு மீட்டர். சத்தம் பெல்ட்டிலும் இல்லை, ஏ.சி. கம்ப்ரஸரிலும் இல்லை, ஃபேனில்தான் என்பது உறுதி.

அதற்கு மேல் என்ன செய்வது என்று, சொன்னால் சிரிப்பாய், பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவன் டார்ச் அடித்துப் பார்த்தான். "மோட்டாரு பேரிங் போயிருக்கும் அண்ணாச்சி, ஃபேனு, கூடு, மோட்டாரு எல்லாத்தையும் செட்டா மாத்திருவோம்" என்றான். மாற்றிவிடலாம் என்று இத்தனை சுலபமாகச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது, உன் வாட்ஸ்அப்பும் அதே பாட்டுத்தான் பாடியது. அவன் டார்ச்சை இன்னும் உள்ளே விட்டு, "இதென்ன, தங்கூசி கட்டிக் கெடக்கு? யாரு கட்டுனது?" என்று கேட்டான். தங்கூசி தெரியுமல்லவா, தூண்டிலுக்குப் போடுகிற கண்ணாடி மாதிரி நைலான் நரம்பு.

"நாசரேத்துக்குப் போயிருந்தப்ப ஒரு மெக்கானிக்கு கட்டினான்" என்றேன்.

அவன் முடிச்சை விரலால் தடவினான். "மெக்கானிக்கு இப்படி முடிச்சுப் போட மாட்டான் அண்ணாச்சி. இது கடல்ல போடுத முடிச்சுல்லா?"

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த முடிச்சைப் போட்டது நான்தான் ரீகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போகிற வழியில், ஃபேனைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் கூட்டை ரேடியேட்டரோடு பிடித்து நிறுத்துகிற ஒரு போல்ட் உருவி விழுந்து, அந்த இடத்துப் பிளாஸ்டிக்கும் உடைந்தது. டிக்கியில் தூண்டில் பெட்டி இருந்தது. தங்கூசியை நாலு சுற்றுச் சுற்றி, சூரை மீன் இழுத்தாலும் அவிழாத முடிச்சைப் போட்டேன். வண்டியை விட்டு இறங்கி நின்ற மெர்சியிடம், கம்பெனிக்காரன் இதைப் பார்த்தால் வேலைக்குக் கூப்பிடுவான் என்றேன். அதோடு மறந்தும் போனேன். இந்தக் கரையில் பிறந்தவனுக்கு எது அறுந்தாலும், எது உடைந்தாலும் முதலில் கை போவது தங்கூசிக்குத்தான். செருப்பு வார், ஜன்னல் கதவு, கொசுவலை எல்லாம் அதில்தான் நிற்கிறது. ஆனால் ரேடியேட்டர் கொதிக்கிற பண்டம். கடல் தண்ணீர் மாதிரியா அது?

மறுநாள் காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஆரம்பித்தேன். முதல் வேலையாகப் பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றினேன். நீயும் கேட்டுக்கொள், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அந்த ஃபேன் தானாகச் சுற்றும், கையை உள்ளே விட்டவன் விரலை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். பிறகு ஃபேன் இதழை விரலால் மெதுவாகச் சுற்றினேன். மோட்டார் வழுக்கிக்கொண்டு போயிற்று. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. பேரிங் போகவில்லை. ஆனால் கீழ்ப்பக்கம் வரும்போது ஒவ்வொரு இதழும் எதிலோ லேசாகத் தட்டிவிட்டுப் போவது விரலுக்குத் தெரிந்தது. காதுக்கு வராதது விரலுக்கு வந்தது மகனே. கூட்டின் உள்பக்கம் டார்ச் அடித்தால், பிளேடால் கீறினது போல ஒரு கோடு, அதன் அடியில் கறுப்பாகப் பிளாஸ்டிக் தூள். ரேடியேட்டர் சூட்டில் தங்கூசி இளகி நீண்டு, கூடு ஒரு பக்கம் தொங்கிவிட்டது. ஃபேன் அதில்தான் உரசிக்கொண்டிருந்தது. ஒன்றை மட்டும் நாற்பத்து மூன்று பேரும் தெரிந்துகொள்ள வேண்டும்: முடிச்சு அவிழவில்லை. நரம்புதான் நீண்டது. முடிச்சை இப்போதும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், சந்தேகம் இருப்பவர் வந்து அவிழ்த்துப் பார்க்கலாம்.

தங்கூசியை வெட்டி எடுத்தேன். பழைய அலுமினிய ஜன்னல் சட்டத்தில் இரண்டு விரல் நீளத்துக்குப் பட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டேன். போல்ட்டுக்குப் படகு கட்டுகிற இடத்துக்குப் போனேன். நம் ஊர் உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்பு ஆறு மாதம் தாங்காது, அங்கே துருப்பிடிக்காத போல்ட் இருக்கும். அதிராமல் இருக்க நடுவில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்தேன். மறுபக்கத்துப் போல்ட்டும் துருவேறிப் போயிருந்தது, எண்ணெய் விட்டு ஊற வைத்து அதையும் மாற்றினேன். கூடு நேரானது. இதழுக்கும் கூட்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க எதுவும் கிடைக்கவில்லை. மேசையில் உன் கல்யாணப் பத்திரிகை இருந்தது. அதை நாலாக மடித்து, இதழ் நுனியில் வைத்துச் சுற்றி வந்தேன். ஒரு இடத்திலும் சிக்காமல் போயிற்று. அதில் கொஞ்சம் கரி பட்டுவிட்டது. உன் பெயர் மேல் இல்லை, மண்டபத்தின் பெயர் மேல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், நீ அனுப்பிய ஆள் வாசலில் நிற்கிறார். நல்ல மனுஷன்தான். "பெங்களூர்ல இருந்து தம்பி சொன்னாவ, ஃபேனு போயி வண்டி கத்துதுன்னு" என்றார். பானெட்டைத் தூக்கி, ஏ.சி.யைப் போட்டுவிட்டு, "கேளும்" என்றேன். அவர் குனிந்தார். இந்தப் பக்கம் கேட்டார், அந்தப் பக்கம் கேட்டார். "எங்கன கத்துது அண்ணாச்சி? நல்லாத்தான ஓடுது, எதுக்கு விக்கிய?" என்றார். "நான் எங்க விக்கேன்?" என்றேன். மெர்சி டீ கொடுத்தாள். குடித்துவிட்டு, அவர் வண்டியிலும் ஒரு சத்தம் வருகிறது, வந்து பார்க்க முடியுமா என்று மூன்று தடவை கெஞ்சினார். ஒரு தடவைதான் கேட்டார் என்கிறாள் மெர்சி. ஒரு தடவை கேட்டாலும் கெஞ்சல் கெஞ்சல்தான்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. நீ குழியில் விட்டாய், நீதான் உடைத்தாய் என்று நான் சொன்னது பொய். உடைத்தது இரண்டு வருஷத்துக்கு முந்திய மணப்பாட்டுச் சாலை, மறைத்தது நான். பைக்குக்காரன் முன்னால் நீ சிரித்த கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பூனைக்குட்டி நாளில் முதுகில் வைத்ததற்கும் சேர்த்து இதை வைத்துக்கொள். குழுவில் இதற்கும் கட்டைவிரல் தூக்குகிறவர்கள் தூக்கலாம். கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு என்னிடம் பெரிய உபதேசம் எல்லாம் கிடையாது, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: உன் பெண்டாட்டி ஒரு சத்தம் கேட்கிறது என்று சொன்னால், உனக்குக் கேட்கவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிடாதே. அவள் முகத்தைப் பார். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பத்தாறு வருஷக் குடித்தனமும் ஒரு ரேடியேட்டர் ஃபேனும் தேவைப்பட்டது. நீயும் அவளும் எதற்காவது முட்டிக்கொண்டால் எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிடலாம் என்று எவனாவது டார்ச் அடித்துச் சொல்வான். கேட்காதே. எங்கே உரசுகிறது என்று விரலை விட்டுப் பார். பேட்டரியை மட்டும் முதலில் கழற்றிவிடு, சூடாக இருக்கும்போது கையை விடாதே.

புதன்கிழமை காது டாக்டரிடம் போகிறேன். நீ சொன்னதற்காக இல்லை. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் எனக்குக் கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வீம்பு கிடையாது. கருவி வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்கிறேன்; தூண்டிலில் கட்ட மாட்டேன் என்று மெர்சி தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். டாக்டர் ஓட்டாதே என்று சொன்னால் அன்றைக்கே சாவியைக் கழற்றிக் கொடுப்பேன், டாக்டர் சொன்னால். நீ சொன்னால் இல்லை, கட்டைவிரல் பதினோரு பேர் சொன்னாலும் இல்லை. அவர் சரி என்றால், கல்யாணத்தன்று உன்னைக் கோயிலுக்குக் கொண்டுபோவது இந்தக் கார்தான், ஓட்டுவது நான்தான். வாடகைக் காருக்குச் சொன்னதை இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடு. பூ வைப்பதென்றால் பானெட்டின் மேலே வைக்கட்டும், முன்னால் கிரில்லை மறைக்கக் கூடாது, ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும்.

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்கு, நல்ல வெயிலில், மெர்சியை முன்சீட்டில் வைத்து அதே ரயில்வே கேட்டுக்கு வேண்டுமென்றே ஓட்டிப் போனேன். கேட் சாத்தியிருந்தது. ஏ.சி.யோடு இருபது நிமிஷம் நின்றோம். சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. பக்கத்தில் பைக், ஆட்டோ எல்லாம் நின்றன, ஒருத்தனும் ஜன்னலில் குனியவில்லை. "ஏளா, ஃபேன் ஓடுதா?" என்று கேட்டேன். "ஓடுது" என்றாள். "சத்தம்?" அவள் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் சுளிக்கவில்லை.

"ஒண்ணும் கேக்கலங்க."

எனக்கும் கேட்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுபோலக் கேட்டது.

சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. நீ வந்து இறங்குகிற அன்று ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். பையை என்னிடம் கொடு.

உன் சித்தப்பா